புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணமும் இந்தியாவின் வாணிபச் சமநிலையும்: காஞ்சிபுரம் பட்டு நெசவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வெளிநாடுகளில் உழைப்போர் தாயகத்திற்கு அனுப்பும் பணம் வாணிபப் பற்றாக்குறையை ஈடுசெய்கிறது என்பது ஒரு கருத்து. அதே பணம் இறக்குமதியைப் பெருக்கிப் பற்றாக்குறையை வளர்க்கிறது என்பது மற்றொரு கருத்து. காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் மூலப்பொருள்களான வெள்ளி, தங்கம், கச்சாப் பட்டு ஆகியவற்றின் வரலாற்றோடு இவ்விரு கருத்துகளையும் இக்கட்டுரை பொருத்திப் பார்க்கிறது. வந்த பணம் எவ்வளவு என்பதோடு, அது எப்பொருளில் செலவாகிறது என்பதும் வாணிபச் சமநிலைக்கு முதன்மையானது. நகைக்கும் ஜரிகைக்கும் வேறுபாடு காணாத இறக்குமதி வரி, பற்றாக்குறையைச் சரிசெய்யும் சுமையின் ஒரு பகுதியை நெசவாளர்மீது இறக்கியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: காஞ்சிபுரம், பட்டு நெசவு, ஜரிகை, புலம்பெயர்வு, வாணிபப் பற்றாக்குறை, தங்க இறக்குமதி, உண்டியல்

முன்னுரை

காஞ்சிபுரத்தின் நெசவு குறித்துத் தமிழில் வெளிவந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் கோயில், சாதி, கூட்டுறவுச் சங்கம், கூலி ஆகியவற்றைச் சுற்றி அமைந்தவை. அயல்நாட்டு வாணிபம் பற்றிய ஆய்வுகளோ தில்லியின் புள்ளிவிவரங்களோடு நின்றுவிடுகின்றன. பிள்ளையார்பாளையத்துத் தறியில் ஏறும் பாவுக்கும் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிடும் செலுத்துநிலைக் கணக்குக்கும் உள்ள தொடர்பு அரிதாகவே பேசப்பட்டுள்ளது. அத்தொடர்பு இன்று நேற்று தோன்றியதன்று. காஞ்சியின் துணி, வெளிநாட்டு வெள்ளி, கடல் கடந்த தமிழரின் உழைப்பு ஆகிய மூன்றும் நானூறு ஆண்டுகளாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வந்துள்ளன. அவற்றின் வரிசைதான் மாறியிருக்கிறது.

கணக்கேட்டில் பணத்தின் இடம்

ஒரு நாடு ஏற்றுமதி செய்யும் பொருள்களின் மதிப்புக்கும் இறக்குமதி செய்யும் பொருள்களின் மதிப்புக்கும் உள்ள வேறுபாடே வாணிபச் சமநிலை. வெளிநாட்டில் பணிபுரிபவர் தம் குடும்பத்திற்கு அனுப்பும் பணம் இக்கணக்கில் சேராது. அதற்கு ஈடாக எப்பொருளும் வெளியே செல்லாமையால், அது நடப்புக் கணக்கில் மாற்றுத் தொகை என்னும் தனித் தலைப்பில் பதிவாகிறது. எனவே இப்பணம் வாணிபப் பற்றாக்குறையைக் ‘குறைக்கிறது’ என்று கூறுவது துல்லியமன்று. பற்றாக்குறை அப்படியே இருக்க, அதற்குச் செலுத்த வேண்டிய அந்நியச் செலாவணியை இப்பணம் தருகிறது என்பதே சரி.

2023–24 நிதியாண்டில் இந்தியா இவ்வகையில் பெற்ற தொகை ஏறத்தாழ 11,870 கோடி டாலர். அவ்வாண்டில் பொருள் வாணிபத்தில் ஏற்பட்ட பற்றாக்குறை 24,000 கோடி டாலரைத் தாண்டியது. அதாவது பற்றாக்குறையின் ஏறத்தாழப் பாதிக்கு, கடல் கடந்து உழைப்போரின் சேமிப்பு ஈடுகொடுத்தது. ரிசர்வ் வங்கியின் அளவாய்வின்படி அவ்வாண்டுத் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு, மகாராட்டிரம், கேரளம் ஆகியவற்றுக்கு அடுத்த இடம் அது. 2015ஆம் ஆண்டின் தமிழ்நாடு புலம்பெயர்வு அளவாய்வு, வெளிநாடுகளில் வாழும் தமிழ்நாட்டவரை ஏறத்தாழ 22 இலட்சம் என மதிப்பிட்டது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, அமெரிக்கா ஆகியவை அவர்கள் மிகுதியாக வாழும் நாடுகள்.

இந்த எண்களோடு நின்றால் கதை மகிழ்ச்சியானது. ஆனால் வந்த டாலர் ரூபாயாக மாறிக் குடும்பத்தின் கைக்குச் சென்றபின் என்ன ஆகிறது என்னும் கேள்வி எஞ்சுகிறது. அது உள்ளூர் நெல்லுக்கும் கொத்தனார் கூலிக்கும் போனால் ஒரு விளைவு. தங்கத்திற்குப் போனால் வேறொரு விளைவு. இரண்டாவது நிலையில், ஒரு வாசல் வழியாக வந்த டாலர் மறுவாசல் வழியாக வெளியேறிவிடுகிறது.

துணி சென்றது, வெள்ளி வந்தது

விசயநகரக் காலத்திலேயே காஞ்சிபுரத்துக் கைக்கோளர் செல்வாக்குள்ள நெசவுச் சமூகமாக விளங்கினர். அவர்கள் பெற்றிருந்த பல்லக்கு, சங்கு முதலிய உரிமைகளைப் பிற பகுதிக் கைக்கோளரும் கேட்டுப் பெற்றதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. 17ஆம் நூற்றாண்டில் டச்சு, ஆங்கில வணிகக் குழுமங்கள் சோழமண்டலக் கரையில் நிலைகொண்டபோது அவர்கள் தேடிவந்தது பருத்தித் துணி. அத்துணிக்கு ஈடாக விற்பதற்கு ஐரோப்பியரிடம் தமிழகம் விரும்பிய சரக்கு மிகக் குறைவு. ஆகவே அமெரிக்கக் கண்டத்துச் சுரங்கங்களிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த வெள்ளியையும், ஓரளவு பொன்னையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து துணி வாங்கினர்.

இன்றைய சொல்லில் கூறினால் அது வாணிப உபரி. வெள்ளி உள்ளே வந்தது, துணிக்குக் கிடைத்த விலையாக. 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு சாகீராக அளித்தபின் நிலை மாறத் தொடங்கியது. நிலவரி வசூல் கம்பெனியின் கைக்கு வந்தபிறகு, இங்கே திரட்டிய வருவாயைக் கொண்டே இங்கே துணி வாங்க முடிந்தது. வெளியிலிருந்து வெள்ளி கொண்டுவரும் தேவை குறைந்தது. 19ஆம் நூற்றாண்டில் இலங்காசயர் ஆலைத் துணி நுழைந்ததும் ஏற்றுமதித் துணியின் காலம் முடிந்தது. காஞ்சி நெசவு முற்றிலும் அழிந்துவிடவில்லை. உள்நாட்டுச் சடங்குகளையும் திருமணங்களையும் நம்பிய உயர்வகைத் துணியை நோக்கி அது திரும்பியது. இன்று காஞ்சிபுரத்தின் அடையாளமாகக் கருதப்படும் பட்டு நெசவின் விரிவு இப்பின்னணியில் வைத்துப் பார்க்கத்தக்கது.

துணிக்கு மாற்றாக மனிதர்

ஏற்றுமதித் துணி ஓய்ந்த அதே நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மனிதர் கப்பலேறத் தொடங்கினர். மொரீசியசு, இலங்கை, நேட்டால், பர்மா, மலாயா என அவர்கள் சென்ற இடங்கள் பல. வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர் மாவட்டங்கள் இதில் முன்னின்றன. 1876–78 பஞ்சம் இப்பெயர்வை மேலும் விரைவுபடுத்தியது. தோட்டத் தொழிலாளி அஞ்சலகப் பண ஆணை மூலமாகவோ ஊர் திரும்பும் கங்காணியின் கையிலோ சிறு தொகைகளை அனுப்பினார். இலங்கையின் நோக்கில் இது தேயிலை ஏற்றுமதியால் ஈட்டிய வருவாயிலிருந்து ஒழுகும் ஒரு கசிவு. பிற்காலத்தில் இலங்கையே தன் மக்களை வளைகுடாவுக்கு அனுப்பி, அவர்கள் அனுப்பும் பணத்தால் தன் வாணிபப் பற்றாக்குறைக்கு ஈடுகட்டும் நாடாக மாறியது. பணம் அனுப்பும் நாடு, பெறும் நாடு என்பவை நிலையான பெயர்கள் அல்ல.

தொழிலாளியின் பணம் பெரும்பாலும் கடன், உணவு, நிலம் ஆகியவற்றில் கரைந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய பணத்தின் போக்கு வேறு. செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்கள் பர்மாத் தேக்கு. தளத்தில் இத்தாலியப் பளிங்கு. சுவரில் பெல்சியக் கண்ணாடி. வெளியிலிருந்து வந்த பணத்தின் ஒரு பகுதி இறக்குமதிப் பொருளாகவே உருக்கொண்டதற்கு இம்மாளிகைகளைவிடத் தெளிவான சான்று தமிழகத்தில் இல்லை எனலாம். எனினும் அவற்றைக் கட்டிய கொத்தர், தச்சர், ஆத்தங்குடி ஓடு செய்தோர் ஆகியோர் பெற்ற கூலி உள்ளூரிலேயே தங்கியது. இறக்குமதிச் சரக்கும் உள்ளூர் உழைப்பும் ஒரே பொருளில் கலந்திருக்கும் இந்நிலை காஞ்சிச் சேலைக்கும் பொருந்துவதைப் பின்னர்க் காணலாம்.

1930களின் பெருமந்தத்தில் இவ்வோட்டம் திசை மாறியது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டதும் தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. விளைபொருளுக்கு விலையின்றித் தவித்த குடும்பங்கள் தாலிப்பொன் நீங்கலாக இருந்ததை விற்றன. அத்தங்கம் பம்பாய் வழியாக இலண்டனுக்குச் சென்று, பிரிட்டிஷ் இந்தியாவின் வெளிநாட்டுச் செலுத்துகைகளுக்கு ஈடாயிற்று. குடும்பப் பெட்டியில் உறங்கும் தங்கம் நாட்டின் செலுத்துநிலையைத் தாங்கும் இருப்பாகவும் மாறக்கூடும் என்பதை ஆட்சியாளர் அப்போது கண்டுகொண்டனர்.

உண்டியலும் கடத்தல் தங்கமும்

1962இல் சீனப் போரை ஒட்டித் தங்கக் கட்டுப்பாடு தொடங்கியது. 1968இல் அது தனிச் சட்டமாயிற்று. அந்நியச் செலாவணியைக் காப்பதே நோக்கம். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகளில் கட்டுமானப் பணிகள் பெருகின. தமிழகத்திலிருந்தும் ஆட்கள் சென்றனர். இங்கே தங்கம் தடைசெய்யப்பட்டது. அங்கே துபாய்ச் சந்தையில் தாராளமாகக் கிடைத்தது. இடையில் வளர்ந்ததுதான் உண்டியல்.

அதன் செயல்முறை எளியது. துபாயில் தொழிலாளி முகவரிடம் திர்காமைக் கொடுப்பார். அப்பணம் இந்தியாவுக்கு வராது. அங்கேயே தங்கமாக மாறி, கள்ளத்தோணியிலோ பயணியின் பெட்டியிலோ கரை சேரும். அத்தங்கத்தை விற்ற ரூபாயிலிருந்து தொழிலாளியின் வீட்டுக்குரிய தொகை கொடுக்கப்படும். அரசின் கணக்கேட்டில் பணவரவும் இல்லை, தங்க இறக்குமதியும் இல்லை. இரண்டும் ஒரே இரவில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. 1970கள், 1980களின் வாணிபப் புள்ளிவிவரங்களை வாசிப்போர் இதை மறத்தலாகாது. அப்புள்ளிவிவரங்கள் காட்டும் குறைந்த தங்க இறக்குமதி சிக்கனத்தின் சான்று அன்று.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. அங்கிருந்து ஏறத்தாழ 1,70,000 இந்தியர் வானூர்தி வழியே தாயகம் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் அனுப்பிவந்த பணம் நின்றது. எண்ணெய் விலையோ ஏறியது. வேறு காரணங்களும் சேர, 1991 நடுவில் நாட்டின் அந்நியச் செலாவணி இருப்பு ஏறத்தாழ 110 கோடி டாலராகச் சுருங்கியது. ஏறத்தாழ 47 டன் தங்கம் சூலை மாதத்தில் இங்கிலாந்து வங்கியிடமும் சப்பான் வங்கியிடமும் ஈடாக வைக்கப்பட்டது. 1930களில் குடும்பங்கள் செய்ததை 1991இல் அரசு செய்தது.

தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இலேயே நீக்கப்பட்டிருந்தது. 1992இல் தாயகம் திரும்பும் வெளிநாடுவாழ் இந்தியர் 5 கிலோ வரை தங்கம் கொண்டுவர இசைவு கிடைத்தது. 1993இல் ரூபாயின் மாற்றுவிகிதம் சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. வங்கி தரும் விலைக்கும் உண்டியல் தரும் விலைக்கும் இருந்த இடைவெளி குறைந்ததும், 1990–91இல் ஏறத்தாழ 208 கோடி டாலராக இருந்த தனியார் மாற்றுத் தொகை 1996–97இல் 1,240 கோடி டாலராகப் பதிவாயிற்று. ஆறே ஆண்டுகளில் தொழிலாளரின் உழைப்பு ஆறு மடங்காகிவிடவில்லை. மறைந்திருந்த பணம் வெளிப்பட்டது என்பதே இவ்வுயர்வின் பெரும்பகுதிக்கு ஏற்ற விளக்கம். இதன் எதிர்நிலையை இலங்கையில் அண்மையில் காண முடிந்தது. அரசு நிர்ணயித்த விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடைவெளி விரிந்தபோது, 2020இல் 710 கோடி டாலராக இருந்த வரவு 2022இல் ஏறத்தாழ 380 கோடியாகச் சரிந்தது. இலங்கையர் அனுப்புவதை நிறுத்தவில்லை. பெருமளவில் உண்டியலுக்கு மாறினர்.

சேலையில் கலந்திருக்கும் இறக்குமதி

தங்கம் வெளிப்படையாக நுழையத் தொடங்கியபின், வெளிநாட்டுப் பணம் மிகுதியாகப் புழங்கும் நிகழ்வாகத் திருமணம் ஆனது. திருமணச் செலவின் இரு பெரும் உருப்படிகள் நகையும் பட்டும். கடைக்காரரின் பார்வையில் இரண்டும் ஒரே முகூர்த்த வணிகம். வாணிபக் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல.

இந்தியாவில் தங்கச் சுரங்க உற்பத்தி மிகச் சிறிது. எனவே நகையின் விலையில் பெரும்பகுதி இறக்குமதித் தங்கத்தின் விலை. செய்கூலி அதில் சிறு பங்கே. காஞ்சிபுரம் சேலை அத்தகையதன்று. ஜரிகை என்பது சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு இழையின்மீது தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன் முலாம் பூசியது. இவ்வெள்ளிக்கும் பொன்னுக்கும் இந்தியா பெரிதும் இறக்குமதியையே நம்பியுள்ளது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜரிகை முழுப் பொருளாகவே பிரான்சின் லியோன் நகரிலிருந்து வந்தது. 1930களின் தொடக்கத்தில் காப்பு வரி விதிக்கப்பட்டபின் சூரத்து தலையெடுத்தது. 1971இல் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் காஞ்சிபுரத்தில் அமைந்தது. ஜரிகையின் இறக்குமதி இவ்வாறு நின்றது. ஜரிகைக்கான உலோகத்தின் இறக்குமதி தொடர்ந்தது.

பட்டு நூலின் வரலாறும் இதைப் போன்றதே. கொள்ளேகாலும் மைசூர்ச் சீமையும் காஞ்சிக்கு நெடுங்காலமாக நூல் தந்தன. 1990களில் இறக்குமதி தளர்த்தப்பட்டபின் சீனக் கச்சாப் பட்டு தறிகளை எட்டியது. மலிவான இந்நூலால் கருநாடகப் பட்டுக்கூடு விளைவிப்போர் பாதிக்கப்பட, 2003இல் அதன்மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதிக்கப்பட்டது. 2011இல் கச்சாப் பட்டின் சுங்க வரி 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டு, 2013இல் 15 ஆக உயர்த்தப்பட்டது. பட்டு விவசாயியின் பக்கம் ஒரு முறை, நெசவாளியின் பக்கம் ஒரு முறை எனத் தராசு ஆடியது.

இவ்வளவு இறக்குமதி இருந்தும் சேலையை நகையோடு ஒப்பிட இயலாமைக்குக் காரணம் அதிலுள்ள உழைப்பு. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். கரையின் நாடாவை எறிய உதவியாள் ஒருவரும் பெரும்பாலும் வேண்டும். முந்தானையின் நிறம் மாறும் இடத்தில் பழைய பாவு இழைகளைப் புதியவற்றோடு இணைக்கும் பெட்னி முறை தனித் திறன். சாயம் தோய்ப்பவர், பாவு ஓடுபவர், அச்சு பிணைப்பவர், நெய்பவர், நாடா சுற்றும் வீட்டுப் பெண்கள் எனப் பலருக்கும் அதில் கூலி உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு ரூபாய் நகையாகும்போது அதன் பெரும்பகுதி டாலராக மாறி வெளியேறுகிறது. அதே ரூபாய் சேலையாகும்போது கணிசமான பங்கு ஊரிலேயே தங்குகிறது. அனுப்பப்படும் பணம் வாணிபச் சமநிலைக்கு நல்லதா, தீயதா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லாமைக்கு இதுவே காரணம்.

2013 ஆகஸ்டும் ஜரிகையின் விலையும்

கொள்கை வகுத்தோர் இவ்வேறுபாட்டைக் கருதவில்லை. 2012–13இல் இந்தியாவின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை ஏறத்தாழ 8,800 கோடி டாலர். நாட்டு உற்பத்தியில் 4.8 விழுக்காடு. தங்க இறக்குமதி மட்டும் 5,000 கோடி டாலரைத் தாண்டியது. வெளிநாடுவாழ் இந்தியர் அனுப்பிய பணம் அவ்வாண்டு குறைந்துவிடவில்லை. ஆயினும் தங்கமும் எண்ணெயும் சேர்ந்து அதை விழுங்கின. 2012 தொடக்கத்திலிருந்து படிப்படியாக உயர்த்தப்பட்ட தங்க வரி 2013 ஆகஸ்டில் 10 விழுக்காட்டை எட்டியது. அப்போதே வெள்ளி வரியும் 6 விழுக்காட்டிலிருந்து 10 ஆயிற்று. அம்மாத இறுதியில் ரூபாயின் மதிப்பு ஒரு டாலருக்கு 68ஐத் தாண்டி வீழ்ந்தது. இறக்குமதி செய்யும் தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிக்கு ஒதுக்க வேண்டும் என்னும் 80:20 விதியும் வந்தது.

நாட்டளவில் இம்மருந்து வேலை செய்தது. 2013–14இல் பற்றாக்குறை உற்பத்தியில் 1.7 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் வெள்ளிக்கான வரியும் ரூபாய் வீழ்ச்சியும் ஜரிகையின் அடக்கவிலையில் ஏறின. அவ்வாண்டு நிதிநிலை அறிக்கை உயர்த்திய கச்சாப் பட்டு வரியும் அவற்றோடு சேர்ந்தது. காஞ்சிபுரத்தில் பெரும்பாலான நெசவாளர் நூலுக்கும் ஜரிகைக்கும் உரிமையாளர் அல்லர். கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ தரும் மூலப்பொருளைச் சேலையாக்கித் தந்து கூலி பெறுவோர். எனவே விலையேற்றம் நேராக அவர்கள் கையைத் தொடுவதில்லை. வேறு வழியில் வந்து சேர்கிறது. திருமண வீட்டார் ஒதுக்கிய தொகைக்குள் சேலையை அடக்க விற்பனையாளர் ஜரிகையைக் குறைக்கிறார்; அல்லது வெள்ளிக்கு மாற்றாகச் செம்புக் கம்பியில் செய்த அரைத்தர ஜரிகையை நாடுகிறார். கரை குறுகினால் வேலைப்பாடு குறையும். வேலைப்பாடு குறைந்தால் கூலியும் குறையும். ஜரிகை தரம் இழந்த சேலைக்கும் வெளியூர் விசைத்தறிச் சேலைக்கும் வாங்குபவரின் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. 2005–06இல் காஞ்சிபுரம் பட்டு பெற்ற புவிசார் குறியீடு இப்போட்டியை ஓரளவே தடுத்தது.

தங்க வாங்குதலைக் குறைக்க விதித்த வரி, தங்கத்திற்கு மாற்றாக உள்ளூர் உழைப்பில் செலவாகக்கூடிய பணத்தையும் தடுத்தது. 2022 சூலையில் தங்க வரி 15 விழுக்காடாக உயர்ந்தபோதும், 2024 சூலையில் தங்கம், வெள்ளி இரண்டின் வரியும் 6 ஆகக் குறைந்தபோதும் விவாதம் நகைச்சந்தையையும் கடத்தலையும் பற்றியே நடந்தது. ஜரிகை பற்றிய பேச்சு காஞ்சிபுரத்திற்கு வெளியே அரிதாகவே கேட்டது.

இதற்கிடையில் நெசவாளர் வீட்டு இளைஞர் திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளின் பேருந்துகளில் ஏறிவிட்டனர். அம்மாவட்டம் இன்று உலகுக்கு அனுப்புவது மகிழுந்தும் கைப்பேசியும். அவற்றின் உள்ளுறுப்புகளில் இறக்குமதியின் பங்கு எவ்வளவு என்பது தனி ஆய்வுக்குரியது.

பயணக் கணக்கில் மறையும் சேலை

காஞ்சிபுரம் சேலை உண்மையில் எவ்வளவு ஏற்றுமதி ஆகிறது என்னும் கேள்விக்கு வாணிபப் புள்ளிவிவரம் முழு விடை தராது. காந்திச் சாலைக் கடையொன்றில் ஒரே நாளில் மூன்று சேலைகள் விற்பதாகக் கொள்வோம். முதலாவதைத் துபாயில் பணிபுரிபவரின் குடும்பம், அவர் அனுப்பிய பணத்தில் வாங்குகிறது. இரண்டாவதைத் தொரந்தோவிலிருந்து மகளின் திருமணத்திற்காக வந்துள்ள ஈழத்தமிழ்க் குடும்பம் நேரில் வாங்கிப் பெட்டியில் வைத்துச் செல்கிறது. மூன்றாவதை ஏற்றுமதியாளர் வாங்கி இலண்டன் கடைக்கு அனுப்புகிறார். மூன்றுக்கும் விலை கொடுத்தது வெளிநாட்டில் ஈட்டிய பணம். ஆயினும் முதலாவது மாற்றுத் தொகையிலும், இரண்டாவது சுற்றுலாப் பயணிகளின் செலவிலும் அடங்கிவிடுகின்றன. மூன்றாவது மட்டுமே பொருள் ஏற்றுமதியாகிறது.

1983க்குப் பின் கனடா, பிரிட்டன், பிரான்சு முதலிய நாடுகளில் வேரூன்றிய ஈழத்தமிழர் திருமணச் சேலைக்குத் தமிழகத்தை நாடும் வழக்கம் காஞ்சியின் வணிகத்தில் சிறிதன்று. இவ்விற்பனை ஏற்றுமதித் தலைப்பில் வராமையால் ஏற்படும் இழப்பு புள்ளிவிவரத்தோடு முடிவதில்லை. ஏற்றுமதிப் பொருளில் அடங்கிய இறக்குமதி மூலப்பொருளுக்கான சுங்க வரியைத் திரும்பப் பெற வழி உண்டு; நகை ஏற்றுமதியாளர் வரியின்றியே தங்கம் பெற இயலும். கடையில் விற்று, பயணியின் பெட்டியில் கடல் கடக்கும் சேலையின் வெள்ளிக்கு அச்சலுகை எதுவும் இல்லை. அவ்வரி சேலையின் விலையில் தங்கிவிடுகிறது. அவ்விலையில்தான் பிள்ளையார்பாளையத்தின் கூலியும் தனக்குரிய இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது.